பட்டத்திற்குப் பின்னும் ஒரு படிப்பு



பொறியியல் பட்டம் பெற்று, திருமணமும் முடித்து, தொழிற்சாலையொன்றில் கடமையாற்றுகின்ற மகளோ மருமகளோ, "இயந்திரப் பொறியியலில் முதுமாணி படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், நம் வீடுகளில் எழும் முதற் கேள்வி "இவ்வளவு படித்தது போதாதா?" என்பதுதான். கேட்பவரோடு கோபித்துக்கொள்வதில் பயனில்லை. கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியையே பாருங்கள். அதனுள் சுற்றி ஓடும் வாயு முன்னர் வேறாக இருந்தது. அது ஓசோன் படைக்குக் கேடு என்று கண்டு, 1987 இல் மொன்றியல் நகரில் உலக நாடுகள் அதைக் குறைக்க உடன்பட்டன; பின்னர் அது கைவிடப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த வாயுக்களோ பூமியைச் சூடாக்குகின்றன என்று தெரிந்ததும், 2016 இல் கிகாலி நகரில் அவற்றையும் குறைக்க இணங்கினர். இன்று புதிய பெட்டிகள் பலவற்றில் ஓடுவது தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேன். வாயு மாறினால் இயந்திர அமைப்பும் பாதுகாப்பு முறையும் மாற வேண்டும். ஆகவே, பொறியியலாளரின் அறிவுக்கும் வயதாகிறது. அதைப் புதுப்பிக்க விரும்பும் தொழிலில் உள்ளவர்களுக்கு ஏற்றதே தொழில்சார் முதுமாணி.

முதுமாணி என்ற ஒரே பெயரில் இரு வகைப் படிப்புகள் உண்டு. பாடநெறிகளைக் கற்றுப் பரீட்சை எழுதி முடிப்பது ஒன்று. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி அது குறைந்தது 30 கிரெடிட். பாடத்தோடு ஆய்வும் செய்து முடிப்பது மற்றையது. அது 60 கிரெடிட். தொழிலில் முன்னேறுவதே நோக்கமாயின் முதலாவது போதும். விரிவுரையாளராகவோ கலாநிதியாகவோ ஆக எண்ணமிருந்தால் இரண்டாவதே பொருத்தம். பேராதனை, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்களின் பொறியியல் பீடங்கள் பட்டப்பின் படிப்புகளை நடத்துகின்றன. எங்கே விண்ணப்பித்தாலும், இது எந்த வகை என்று முதலில் கேளுங்கள். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: பட்டயப் பொறியியலாளர் ஆவதற்கு அடிப்படை, அங்கீகாரம் பெற்ற முதற் பட்டமும் தொழில் அனுபவமுமே. முதுமாணி அவற்றுக்குப் பதிலாகாது.

இனி வீட்டாருக்கு ஒரு கணக்கு. ஒரு கிரெடிட்டுக்கு விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சை யாவும் சேர்த்து 50 மணித்தியாலம். முப்பதுக்கு 1500 மணித்தியாலம். இரண்டு வருடங்களில் முடிப்பதாயின் வாரத்துக்கு 14, 15 மணித்தியாலம். வேலைக்குப் போய்வந்து, சமைத்து, பிள்ளைகளின் பாடத்தையும் பார்க்கும் ஒரு பெண்ணிடம் இந்த நேரம் எங்கே இருக்கிறது? அவளுடைய தூக்கத்தில்தான் இருக்கிறது!

"படியுங்கள், நாங்கள் தடுக்கவில்லை" என்று சொல்லிவிட்டுக் கைகட்டி நிற்பது அனுமதியாகலாம், உதவியாகாது. வெள்ளிக்கிழமை இரவுச் சமையலைக் கணவர் ஏற்கட்டும். விரிவுரை நாளில் பிள்ளைகளை மாமியோ உம்மாவோ பார்த்துக்கொள்ளட்டும். பரீட்சை மாதத்தில் விருந்துகளைச் சற்றுத் தள்ளிவைத்தால் குடும்பத்தின் மானம் குறைந்துவிடாது. ஒரு மகன் மேற்படிப்புப் படித்தால் இவற்றையெல்லாம் சொல்லாமலே செய்கிறோமல்லவா?

படிக்க விரும்பும் சகோதரியும் அவசரப்பட வேண்டாம். வட்டிக்குக் கடன் வாங்கிப் படிக்குமளவுக்கு இதில் அவசரம் எதுவுமில்லை. ஓரிரு வருடம் வேலை செய்து சேமியுங்கள். எந்த அறிவு உங்கள் தொழிலில் குறைகிறது என்பதும் அதற்குள் தெளிவாகத் தெரிந்துவிடும். பிறகு வீட்டாரை இருத்தி மஷூரா செய்யுங்கள். பட்டத்தின் பெயரைச் சொல்வதற்கு முன், வாரத்துக்குப் பதினைந்து மணித்தியாலத்தை யார் யார் எப்படித் தருவது என்று பேசுங்கள். அது தீர்ந்தால் மற்றவை இலகுவாகும், இன்ஷா அல்லாஹ்.