நடுகல் மரபும் போர்த் திரைப்படமும்

வல்லத்திராக்கோட்டையைத் தன்னகத்தே கொண்ட புதுக்கோட்டை மாவட்டத்தில், பொற்பனைக்கோட்டை என்னும் ஊரில், தமிழி எழுத்துப் பொறித்த பழம்பெரும் நடுகல்லொன்று கண்டெடுக்கப்பட்டது. ஆநிரைப் பூசலில் வீழ்ந்துபட்ட ஒரு மறவனுக்கு எடுக்கப்பட்ட கல் அது. அவன் மன்னன் அல்லன். ஆயினும் அவன் பெயரைக் கல் மறக்கவில்லை.

அக்கல் செய்த பணியை இன்று திரைப்படம் செய்ய முற்பட்டுள்ளது. 25.4.2014 அன்று காசுமீரத்துச் சோபியான் பகுதியில் நடந்த மோதலில் உயிரீந்தவர் மேசர் முகுந்து வரதராசன். உயிரீந்தபின் அவருக்கு அளிக்கப்பெற்ற அசோகச் சக்கர விருதை 2015 குடியரசு நாளில் அவர்தம் துணைவியார் பெற்றுக்கொண்டார். அவர் வாழ்வைத் தழுவி இராசுகுமார் பெரியசாமி இயக்கிய 'அமரன்' 31.10.2024-இல் வெளிவந்தது. முகுந்து தமிழராதலின் தமிழ் வேருடைய நடிகரே அவ்வேடம் ஏற்க வேண்டும் என்பதே துணைவியாரின் வேண்டுகோள் என இயக்குநர் கூறினார். போற்றத்தக்க வேண்டுகோள்! முகுந்தின் சாதியைப் படம் ஏன் காட்டவில்லை என்று வினவினாரும் உளர். சாதி அடையாளம் வேண்டா என்பது பெற்றோரின் விருப்பம் என்பதே விடையாயிற்று. மறத்திற்குச் சாதி ஏது?

எனினும் தமிழ் மறவனின் படத்திற்கு வடசொல்லால் பெயரிட்டது ஏன்? நடுகல் நட்ட இனத்திற்கு ஒரு நற்றமிழ்ச் சொல்லா கிடைக்கவில்லை?

பெயரினும் பெரிய குறை ஒன்றுண்டு. விக்கிரம் பத்திராவைப் பற்றிய 'சேர்சா' (2021), சந்தீப் உண்ணிக்கிருட்டிணனைப் பற்றிய 'மேசர்' (2022), மானெக்சாவைப் பற்றிய 'சாம் பகதூர்' (2023) ஆகிய யாவும் மேல்நிலைப் படைத்தலைவர்களின் வரலாறுகளே. முகுந்தோடு அதே மோதலில் வீழ்ந்த படைமறவர் விக்கிரம் சிங்கின் பெயரை எத்துணைப் பேர் அறிவர்? 2020 சூன் திங்களில் கல்வான் பள்ளத்தாக்கில் உயிரீந்த இராமநாதபுர மாவட்டத்து அவில்தார் பழனியின் வாழ்வை எழுதிவைத்தார் எத்துணைப் பேர்? சிற்றூர்களிலிருந்து படையிற் சேர்வார் பலரும் கடைநிலை மறவராகவே தொடங்குகின்றனர். கல் தரம் பார்க்கவில்லை. திரையோ தரம் பார்க்கின்றது.

மெய்வாழ்வைப் படமாக்குவோர்க்கு இன்னொரு கடமையும் உண்டு. களம் மெய்யெனின், அக்களத்தில் வாழும் மக்களும் மெய்யானவரே. காசுமீர முசுலிம்களை அப்படம் தவறாகக் காட்டியது எனத் தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தது. அக்குற்றச்சாட்டை முழுதும் ஏற்காதாரும் ஒன்றை ஏற்பர்: ஒருவன் மறத்தை உயர்த்துதற்கு ஒரு மக்களினத்தைத் தாழ்த்த வேண்டுவதில்லை. பகைவன் மறத்தையும் பாடிய புறத்திணை மரபு தமிழருடையது.

ஆதலின் திரைத்துறையார் வரும்வரை காத்திருத்தல் வேண்டா. வல்லத்திராக்கோட்டை முதலாய ஊர்தோறும், படைக்குச் சென்றோர், மீண்டோர், மீளாதோர் வரலாற்றை அவ்வூர் இளைஞரே கேட்டெழுதுக. தாயும் துணைவியும் சொல்வதைச் சொன்னவாறே எழுதுக, மிகைபடக் கூறற்க. திரையில் ஓடும் படம் சில கிழமைகளில் நீங்கும். ஊரார் எழுதிவைத்த பெயர், நடுகல் போல் நிற்கும்!