பூட்ட வேண்டியதும் பூட்டக் கூடாததும்

கொஞ்சம் நீளமான பதிவு. ரிட்டையர் ஆனவனுக்குப் பீரியட் முடிந்தது என்று மணி அடிக்க ஆள் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகக் கணினியில் ஊழியர்கள் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது? இதுதான் விஷயம். உங்களில் பாதிப் பேர் அந்தக் கணினிகளில் வேலை பார்ப்பவர்கள். இன்னும் சிலர் அவற்றைப் பூட்டும் வேலையில் இருப்பவர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் தங்கை மகள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். வயது 54. போன வருடம் ஒரு கண்ணில் புரை அறுவை சிகிச்சை நடந்தது. சில மாதங்களுக்கு முன் அலுவலகத்தில் புதுக் கணினிகள் வந்தன. எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க்கில் சேர்த்து, கண்ட்ரோல் பேனலை முழுதாக மூடிவிட்டார்கள். புதுத் திரையில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். பெரிதாக்கப் போனால், கட்டுப்பாடு காரணமாக இது ரத்து செய்யப்பட்டது, நிர்வாகியை அணுகவும் என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நிற்கிறது. அணுகினாள். "பாலிசி மேடம், எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று பதில் வந்தது. (காப்பீட்டு ஆபீஸில் எந்தப் பாலிசியைச் சொன்னாரோ!) 3-ஐ 8 என்று அடித்துவிடுவோமோ என்ற பயத்தில் ஒவ்வொரு எண்ணையும் மூன்று தடவை பார்க்கிறாள். சாயங்காலம் கழுத்து வலியோடு வீட்டுக்கு வருகிறாள். "மாமா, எழுத்தைப் பெருசாக்கக்கூட ஒருத்தர்கிட்ட கெஞ்சணுமா?" என்று என்னிடம் கேட்டாள்.

இதை என் பழைய மாணவன் ஒருவனிடம் சொன்னேன். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியின் கணினிகளையெல்லாம் பார்த்துக்கொள்பவன். அவன் விட்டுக்கொடுக்கவில்லை. "சார், ஒருத்தருக்குத் திறந்துவிட்டா எல்லாரும் கேப்பாங்க. எவனாவது எதையாவது நோண்டிட்டு ராத்திரி எனக்குத்தான் போன் பண்ணுவான்" என்றான்.

அவன் பக்கம் நியாயம் நிறையவே இருக்கிறது. 2008 கடைசியில் கிளம்பிய கான்ஃபிக்கர் என்ற வைரஸ் நெட்வொர்க் வழியாகப் பரவியது போதாதென்று பென் டிரைவ் வழியாகவும் பரவியது. செருகியதுமே தானாக ஓடும் வசதியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது. ஆகவே பென் டிரைவுக்குத் தடை என்றால் சரி. கண்ட மென்பொருளை இறக்கி நிறுவக் கூடாது என்றால் அதுவும் சரி. கடிகாரத்தைத் தொடாதே என்கிறார்களா? அதற்கும் காரணம் உண்டு. விண்டோஸ் நெட்வொர்க்கில் உங்கள் கணினியின் நேரமும் சர்வரின் நேரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால், வழக்கமான அமைப்பில் லாகினே ஆகாது. எழுந்து போனால் சில நிமிடத்தில் திரை தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் நான் முழுதாக ஆதரிக்கிறேன். அது தொல்லையாக இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் மேல் எனக்கு இரக்கம் இல்லை. கீபோர்டுக்கு அடியில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டுகிறவர்களும் அவர்கள்தான்.

ஆனால் இந்தப் பட்டியலில் எழுத்தின் அளவு எப்படி வந்தது? மவுஸ் அம்பைப் பெரிதாக்குவது, இடது கைக்காரர் மவுஸ் பட்டன்களை மாற்றிக்கொள்வது, திரையின் கூச்சத்தைக் குறைப்பது எல்லாம் எப்படி வந்தன? இவற்றால் எந்த வைரஸும் உள்ளே வராது.

கணினியே இந்த வித்தியாசத்தைத் தெரிந்துதான் வைத்திருக்கிறது. விண்டோஸில் சில அமைப்புகள் இயந்திரம் முழுவதற்கும் பொது. மென்பொருள் நிறுவுவது அப்படிப்பட்டது. வால்பேப்பர், மவுஸ் அம்பு, கீபோர்டு மொழி போன்றவையோ அந்தந்தப் பயனரின் கணக்கில் தனியாகச் சேமிக்கப்படுகின்றன. என் மருமகள் தன் கணக்கில் அம்பைப் பெரிதாக்கினால் பக்கத்து சீட்டுக்காரருக்கு ஒரு மாற்றமும் தெரியாது. அடுத்தவரைப் பாதிப்பதைப் பூட்டு, அவரவர் கண்ணையும் கையையும் மட்டும் பொறுத்ததைத் திறந்துவிடு. நான் கேட்பது அவ்வளவுதான்.

"எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்பது தொழில்நுட்பப்படியும் சரியல்ல. இந்தப் பூட்டுகளைப் போடும் குரூப் பாலிசி என்ற கருவி விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இருக்கிறது. பெயரிலேயே குரூப் இருக்கிறது! கணக்குப் பிரிவுக்கு ஒரு விதி, கவுன்ட்டருக்கு ஒரு விதி என்று பிரித்து வைக்கலாம். கண்ட்ரோல் பேனலை ஒரேயடியாக மூடவும் அதில் வழி உண்டு. குறிப்பிட்ட சிலவற்றை மட்டும் காட்டவும், சிலவற்றை மட்டும் மறைக்கவும் வழி உண்டு. மாற்றியபின் ஒவ்வொரு கணினியாகப் போய் உட்கார வேண்டியதும் இல்லை. சுமார் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அவை தாமாகவே புது விதியை வாங்கிக்கொள்ளும். மொத்தமாக மூடுவது சுலபம் என்பதால்தான் மூடுகிறார்கள். அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தால் ஒத்துக்கொள்ள முடியாது. 2017 மே மாதம் வானாக்ரை உலகத்தையே கலக்கியபோது, அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கணினிகள்தான் மாட்டிக்கொண்டன. அங்கே கண்ட்ரோல் பேனல் மூடியிருந்ததா என்பது கணக்கிலேயே வரவில்லை.

"நம்ம ஸ்கூல் லேப்பில் நீங்களும்தானே சார் எல்லாத்தையும் பூட்டி வெச்சீங்க?" என்று யாராவது கேட்பீர்கள். ஆமாம், பூட்டினேன், இன்றைக்கும் பூட்டுவேன். அங்கே ஒரு கணினிக்கு ஒரு நாளில் ஆறு வகுப்புப் பிள்ளைகள், எல்லோருக்கும் ஒரே கணக்கு. முதல் பீரியடில் அஜித் படம், மூன்றாவது பீரியடில் விஜய் படம், மத்தியானம் அடிதடி. கன்ட்ரோல், ஆல்ட், கீழ் அம்பு மூன்றையும் அழுத்தித் திரையைத் தலைகீழாக்கிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்த மகானுபாவர் யார் என்று எனக்குத் தெரியும். இந்தப் பதிவையும் அவர் படிப்பார். ஆனால் அது பொதுக் கணக்கு. ஆபீஸில் அவரவருக்குத் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. பள்ளிக்கூட விதியை 54 வயதுக்காரரின் மேஜையில் கொண்டுபோய் வைக்கக் கூடாது.

தமிழ் கீபோர்டு விஷயம் இன்னும் வேடிக்கை. தமிழ்99 விசைப்பலகையை 1999-லேயே தமிழ்நாடு அரசு அங்கீகரித்துவிட்டது. ஆனால் கண்ட்ரோல் பேனலோடு மொழி அமைப்பும் சேர்ந்து மூடிக்கொண்டால், தமிழில் கடிதம் அடிக்க வேண்டியவர் போனில் அடித்துத் தனக்கே மெயில் அனுப்பிக்கொள்கிறார். அலுவலக விஷயம் சொந்தப் போனுக்குப் போய்த் திரும்பி வருகிறது. எது ஆபத்து, நீங்களே சொல்லுங்கள்.

வால்பேப்பருக்காக நான் கொடி பிடிக்க மாட்டேன். பொதுமக்கள் பார்க்கும் கவுன்ட்டரில் நிறுவனத்தின் சின்னம்தான் இருக்க வேண்டும் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். பேத்தி படம் போனில் இருக்கிறது. பார்வை விஷயத்தில்தான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசு நிறுவனங்கள் மாற்றுத்திறனாளி ஊழியருக்கு ஏற்ற வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. என் மருமகள் அந்தச் சட்டத்தின் கணக்கில் வரமாட்டாள், அவள் இருப்பதும் தனியார் அலுவலகம். ஆனால் வயதாகிற கண்ணுக்கு எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சட்டம் வந்து சொல்ல வேண்டுமா?

மருமகளுக்கும் அவளைப் போன்றவர்களுக்கும்: விண்டோஸ் பட்டனையும் பிளஸ் பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள், உருப்பெருக்கி வரும். கண்ட்ரோல் பேனல் மூடியிருந்தாலும் பெரும்பாலும் இது வேலை செய்யும். பிரவுசரில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பக்கம் பெரிதாகும். போனில் கெஞ்ச வேண்டாம். என்ன தெரியவில்லை, எது திறக்க வேண்டும் என்று இரண்டு வரி எழுத்தில் கொடுத்து, மேலாளருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

கோயம்புத்தூர் தம்பிக்கு: திங்கட்கிழமை உன் பாலிசிப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பூட்டுக்கும் எதிரில் அது யாரை எதிலிருந்து காப்பாற்றுகிறது என்று எழுது. எழுத வராதவை எத்தனை என்று எனக்குச் சொல். ராத்திரி போன் வரும் என்றாயே, அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டே சொல்.