மேலிருந்து காணும் நிலமும் காலடி நிலமும்

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1944-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகம் டில்லியில் இருந்தது. ஏப்ரலில்தான் அது கண்டிக்கு மாறியது. அவ்வாண்டு மார்ச்சு 5-ஆம் தேதி இரவு அஸ்ஸாமின் லாலாகாட் தளத்திலிருந்து பர்மாவுக்குப் புறப்பட்ட கிளைடர்களின் வரலாறு, களப்பணியாளரும் ஆசிரியரும் கருதத்தக்கதொரு பாடமாகும்.

கிளைடர் எஞ்சினற்ற விமானம். மற்றொரு விமானம் அதனைக் கயிற்றால் இழுத்துச் செல்லும். குறித்த இடத்தில் கயிறு கழற்றப்பட்டதும் அது தானே தாழ்ந்திறங்கும். ஜப்பானியப் படைக்குப் பின்புறமிருந்த காட்டில் விமான ஓடுதளம் அமைக்க வேண்டியிருந்தது. அதற்கான சிறு புல்டோசர்களைப் பாதையற்ற அவ்விடத்தில் கொண்டு சேர்க்கக் கிளைடரே துணையாயிற்று.

புறப்படுவதற்குச் சற்றுமுன் கிடைத்த வான்படம், 'பிக்கடில்லி' எனப் பெயரிட்ட வெளியில் மரங்கள் குறுக்கே கிடப்பதைக் காட்டியது. ஆகவே 'பிராட்வே' என்னும் மற்றோரிடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் படத்தில் குறையேதும் தோன்றவில்லை. ஆனால், வெட்டுமரங்களை இழுத்த தடங்கள் ஆழ்ந்த பள்ளங்களாகிப் புல்லால் மூடப்பட்டிருந்தன. முதலில் இறங்கிய கிளைடர்களின் சக்கரங்கள் அவற்றில் சிக்கி முறிந்தன. எஞ்சினின்மையால் மீண்டும் மேலெழ இயலாத பின்வந்தவை, முன் கிடந்தவற்றின்மீது மோதின. ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். ஆயினும், எஞ்சிய கருவிகளைக் கொண்டு மறுநாளே ஓடுதளம் செப்பனிடப்பட்டது. அன்றிரவு டக்கோட்டா விமானங்கள் வந்திறங்கின.

ஒரு விமானம் இரு கிளைடர்களை இழுத்ததும் மிகைச் சுமையுமே தீங்குக்குக் காரணம் என்பாருமுண்டு. வழியில் கயிறறுந்து வீழ்ந்தவற்றுக்கு அது பொருந்தும். தரையில் நேர்ந்த சேதத்திற்குப் பொருந்தாது. வான்படம் மரத்தைக் காட்டிற்று. புல்லின் கீழிருந்த பள்ளத்தைக் காட்டவில்லை. படம் பொய்யன்று, அதன் எல்லை அவ்வளவே.

எதிரியின் நிலத்தை முன்கூட்டி நடந்து பார்ப்பது அன்று அரிது. நமக்கு அத்தடையில்லை. பாரம் சுமந்த அக்கிளைடர்களின் பணியை இன்று ஹெலிகாப்டரும் பாரசூட்டும் ஏற்றுவிட்டன. வான்படத்தோடு செயற்கைக்கோள் படமும் சேர்ந்துள்ளது. ஆயினும் கிணற்றுக்கு இடங்குறிப்பவரும் சாலைக்குக் கோடிடுபவரும் படத்தோடு நின்றுவிடலாகாது. ஆசிரியர்கள் ஊரின் வரைபடத்தை மாணவரிடம் தந்து, அதில் இல்லாத ஒன்றையேனும் நடந்து கண்டறிந்து வரச் செய்தல் நலம். அப்பழக்கம் வேரூன்றினால், பிற்காலத்தில் அவர்கள் அனுப்பும் கருவியும் ஆளும் பள்ளத்தில் வீழா.