முதுகுக்குப் பின்னால் ஒரு விசிறி

போன மே மாதம், கத்திரி தொடங்கியிருந்த நேரம், திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். குரோம்பேட்டையிலிருந்து காரை நானே ஓட்டிக்கொண்டு போய் மண்டப வாசலில் இறங்கினேன். வரவேற்க நின்ற பெண் வீட்டுக்காரர் என் முதுகைப் பார்த்துவிட்டு, "பஸ்லயா வந்தீங்க?" என்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தோளில் சென்னை என்று வைத்துக்கொண்டால், ஈரம் கன்னியாகுமரி வரை இறங்கியிருந்தது.

வெட்கத்துக்குக் காரணம் வேர்வை இல்லை. வேர்வை வராத ஊரா இது? நான் உட்கார்ந்து வந்தது உள்ளே விசிறி வைத்த வென்டிலேட்டட் சீட்டில். அந்த ஒரு வசதிக்காகவே கூடுதல் பணம் கட்டி, உசத்தி மாடலாகப் பார்த்து வாங்கிய வண்டி. பட்டனை மூன்று முறை அழுத்தினால் மூன்று நீல விளக்குகள் எரியும். சீட்டுக்கு அடியில் 'உய்ய்' என்று ஒரு சத்தம் கிளம்பும். அத்தோடு சரி.

சர்வீஸ் சென்டரில் சொன்னேன். இளைஞர் ஒருவர் ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்தினார், காதைச் சாய்த்துக் கேட்டார். "ஓடுது சார். அது அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். விசிறியை மாற்றிப் பார்க்கலாமா என்றதற்கு ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகைக்கு வீட்டில் நாலு சீலிங் ஃபேன் மாட்டலாம். வாரன்டியும் முடிந்திருந்தது. அதனால்தான் கையை வைக்கும் தைரியம் வந்தது. வாரன்டி உள்ளவர்கள் இந்தப் பத்தியை வேடிக்கைக்காக மட்டும் படிக்கவும்.

காருக்குள் ஏ.சி. எவ்வளவு ஓடினாலும் அது குளிர்விப்பது நம் முன்பக்கத்தைத்தான். முதுகும் தொடையும் லெதரோடும் ஸ்பான்ஜோடும் ஒட்டிக் கிடக்கின்றன. ஸ்பான்ஜ் வெப்பத்தைக் கடத்தாத பொருள். சும்மா உட்கார்ந்திருக்கும் மனுஷ உடம்பு ஏறக்குறைய 100 வாட் பல்பு அளவுக்கு வெப்பத்தை வெளிவிடுகிறது. அதில் ஒரு பங்குக்கு முதுகுப் பக்கம் போக வழியே இல்லை. வேர்வை வரும், ஆனால் காய இடமில்லை. ஒரு கிராம் வேர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நிமிஷத்துக்கு ஒரு கிராம் காய்ந்தால் 40 வாட் கழிந்தது என்று கணக்கு. காயாமல் சட்டையிலேயே தங்கினால் கழிவது ஒன்றுமில்லை, கன்னியாகுமரிதான் மிச்சம்.

இதைக் காருக்குள் முதலில் தீர்த்தவர்கள் வெயில் தேசத்துக்காரர்கள் இல்லை என்பதுதான் வேடிக்கை. 1997-இல் சுவீடனின் சாப் நிறுவனம் தன் 9-5 மாடலில் சீட்டுக்குள் விசிறி வைத்தது. பனியில் வாழ்பவர்களுக்கு முதுகு வேர்வையைப் பற்றி என்ன கவலையோ தெரியவில்லை. நம் ஊரில் நடுத்தர விலை வண்டிக்கு இது வர இருபது வருஷம் ஆனது. 2017-இல் வந்த ஹூண்டாய் வெர்னாவில் முன்சீட்டுகளுக்கு இந்த வசதி இருந்தது. நாம் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் போகும்போது பார்க்கிற தொழிற்சாலைக்காரர்கள்தான்.

ஆனால் காசு செலவில்லாத வென்டிலேட்டட் சீட் நம்மிடம் எப்போதோ இருந்தது. அம்பாசடர் டாக்சி ஓட்டியவர்களும் லாரிக்காரர்களும் மரமணி கோத்த விரிப்பை சீட்டில் மாட்டியிருப்பார்கள். முதுகு மணியின் மேல் நிற்கும், மணிக்கும் மணிக்கும் நடுவில் காற்று போகும். எங்கள் தாத்தா வீட்டுக் கயிற்றுக் கட்டிலும் அதே சூத்திரம்தான். விசிறி வைத்து, வயர் இழுத்து, மூன்று நீல விளக்கு போட்டு நாம் வந்து சேர்ந்திருப்பது அந்தக் கட்டிலுக்குத்தான்.

சீட்டைக் கழற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நாலு போல்ட்தான், நட்சத்திர வாய் கொண்ட டார்க்ஸ் ஸ்பேனர் இருந்தால் போதும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறது. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் தெரிந்தால் அது அதனுடையது. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, கையேட்டில் சொன்ன நேரத்தைவிடக் கூடுதலாகவே காத்திருந்தேன். ஒரு காபி குடித்தேன், பேப்பரில் பாதி படித்தேன். அதன் பிறகுதான் அந்த மஞ்சளைத் தொட்டேன். திரும்ப மாட்டி முடிக்கும்வரை சாவியைத் திருப்பவும் இல்லை. திருப்பினால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து, அதை அணைக்க மறுபடி அந்த இளைஞரிடமே போக வேண்டியிருக்கும்.

பக்கத்து சீட்டைத் தொடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். என் வண்டியில் அந்த சீட்டின் மெத்தைக்குள் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்கும் சென்சார் ஒன்று இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொண்டு முதுகுக்குக் காற்று தேட வேண்டாம்.

போர்டிகோவில் பழைய பெட்ஷீட் விரித்து சீட்டைக் கவிழ்த்தேன். சீட் இருந்த இடத்தில் இரண்டு ரூபாய் நாணயம் மூன்று, ஒரு பேனா மூடி, உருகிக் கெட்டியான ஒரு ஆரஞ்சு மிட்டாய், ஃபாஸ்டேக் கட்டாயமாவதற்கு முந்தைய காலத்து டோல் ரசீதுகள். விசிறி ஒன்று மெத்தைக்கு அடியில், இன்னொன்று சாய்மானத்துக்குப் பின்னால். கீழே இருந்ததைக் கையில் எடுத்தால் உள்ளங்கையில் அடங்கியது. கறுப்பு பிளாஸ்டிக், நத்தை ஓடு போன்ற உருவம். இறக்கைகளில் தலைமுடியும் நூலும் சாம்பல் நிறப் பஞ்சும் சுற்றியிருந்தன. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தபோது பாதி கைப்பிடி தேறியது.

மச்சினன் மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். கூட நின்றான். "கம்ப்யூட்டர் ஃபேன் வச்சிரலாம் மாமா, சத்தமே இருக்காது" என்றான். எனக்கும் சரியாகத்தான் பட்டது. திங்கட்கிழமை சாயங்காலம் அண்ணா சாலையில் இறங்கி ரிச்சி தெருவுக்குள் நுழைந்தேன். தோளோடு தோள் உரசாமல் அந்தத் தெருவில் யாரும் எதையும் வாங்கியதில்லை. மாடிப்படிக்கு அடியில் ஆறடிக்கு நாலடி கடை. பழைய விசிறியைக் காட்டினேன்.

"கரி அடுப்புக்கா சார்?"

கார் சீட்டுக்கு என்றதும் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். கம்ப்யூட்டர் ஃபேனைப் பற்றிக் கேட்டதற்கு, ஒன்றை எடுத்து அடாப்டரில் சொருகி ஓடவிட்டார். காற்று நன்றாக முகத்தில் அடித்தது. பிறகு ஒரு ஸ்பான்ஜ் துண்டை அதன் வாயில் வைத்தார். அந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை, இறக்கை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அதே ஸ்பான்ஜை ஒரு புளோயரின் வாயில் வைத்தார். மெல்லிசாக, ஆனால் விடாமல் காற்று வந்தது. "காத்து எவ்வளவுன்னு பாக்காதீங்க சார், பிரஷர் எவ்வளவுன்னு பாருங்க."

கல்லூரியில் நான் படித்த எந்த வகுப்பும் இவ்வளவு சுருக்கமாக முடிந்ததில்லை. மேஜை விசிறி மாதிரி நேராகத் தள்ளுவது திறந்த வெளிக்கு நல்லது. எதிரே தடை வந்தால் அதற்குத் தெம்பில்லை. நத்தை ஓட்டுக்குள் சுற்றி வீசும் புளோயர் கொல்லன் உலையில் துருத்தி செய்கிற வேலையைச் செய்யும். சீட்டுக்குள் வலைத்துணி, ஸ்பான்ஜில் வெட்டிய கால்வாய், அதற்கு மேல் துளையிட்ட லெதர் என்று வரிசையாகத் தடைகள். அதனால்தான் கம்பெனியும் புளோயர் வைத்திருந்தது. பழையதைவிடப் பெரிதாக, 97 மில்லிமீட்டர் அளவில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதை மாட்டினேன். எட்டு விநாடி அமர்க்களமாக ஓடியது. நின்றது. நீல விளக்குகள் கண் சிமிட்டிவிட்டு அணைந்தன. மறுபடி அழுத்தினேன், மறுபடி எட்டு விநாடி.

பழைய விசிறிக்கு நாலு வயர், நான் வாங்கியதற்கு இரண்டு. பிளஸ், மைனஸ் போக மூன்றாவது வயர் 'இந்த வேகத்தில் ஓடு' என்று உத்தரவு கொண்டுவருவது. நாலாவது, 'ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன்' என்று விசிறி திருப்பிச் சொல்வது. அந்தப் பதில் வராவிட்டால் விசிறி சிக்கிக்கொண்டது என்று நினைத்து கன்ட்ரோலர் மின்சாரத்தை நிறுத்திவிடும். பொறுப்பான வேலைதான், குறை சொல்ல முடியாது. மறுபடி ரிச்சி தெரு, நாலு வயர் புளோயர். வயரின் நிறத்தை நம்பக்கூடாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் பற்றவைத்தேன். இன்ஜின் ஓடும்போது காரில் இருப்பது 12 வோல்ட் இல்லை, 14-ஐத் தொடும். அதையும் தாங்குமா என்று கேட்டு வாங்க வேண்டும். புதியது பழையதைவிட அதிக ஆம்பியர் இழுப்பதைப் பார்த்து, "பியூஸைப் பெருசாப் போட்டுரலாம் மாமா" என்றான் பையன். அதற்கு மட்டும் அதட்டினேன். பியூஸ் காப்பாற்றுவது விசிறியை இல்லை, வயரை. அந்த வயர் போவது நான் உட்காரும் இடத்துக்கு அடியில். இருந்த பியூஸுக்குள் அடங்குகிறதா என்று அளந்து பார்த்த பிறகே கனெக்டரை இறுக்கினேன்.

இந்த முறை நிற்காமல் ஓடியது. மூன்றாம் விளக்கில் வைத்தால் பக்கத்து வீட்டு மிக்ஸி நம் சீட்டுக்கு அடியில் வந்துவிட்டது போல இருந்தது. விசிறியின் கணக்கு அப்படி. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்று இரண்டு மடங்குதான் கூடும், மின்சாரம் எட்டு மடங்கு கேட்கும், சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும். கம்பெனி இன்ஜினியர் சின்ன விசிறி வைத்தது கஞ்சத்தனத்தால் மட்டும் இல்லை என்று அப்போது புரிந்தது. சத்தம் போட்டால் நாம்தானே முதலில் புகார் செய்வோம்.

அவ்வளவு சத்தத்துக்கும் முதுகில் ஒன்றும் தெரியவில்லை. கையை வைத்துப் பார்த்தேன், கன்னத்தை வைத்துப் பார்த்தேன். பூஜை அலமாரியிலிருந்து ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்து சீட்டின் மேல் பிடித்தேன். காற்று புகையை மேலே தள்ளும் என்று எதிர்பார்த்தேன். புகை மெல்ல வளைந்து, துளைகளுக்குள் இறங்கிக் காணாமல் போனது.

அத்தனை வருஷமும் அந்த சீட் ஊதும் என்று நினைத்திருந்தேன். அது உறிஞ்சுகிற ஜாதி. இரண்டு வகையும் உண்டு. சில வண்டிகள் காற்றை மேலே ஊதும், சில உறிஞ்சி சீட்டுக்கு அடியில் விடும். ஊதுவதைவிட உறிஞ்சுவது உடம்புக்குச் சட்டென்று தெரியாது. முதுகில் காற்றுப் படாது, முதுகு காய்ந்திருக்கும், அவ்வளவே. நம் வீட்டு எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு அடியில் நின்றுகொண்டு காற்று வரவில்லை என்று புகார் சொல்பவனாக இருந்திருக்கிறேன்.

ஊதுபத்தியைச் சீட்டுக்கு அடியில் கொண்டுபோனேன். அங்கேதான் கதை. புளோயரும் ஸ்பான்ஜின் கால்வாயும் சேரும் இடத்தில் ஒரு கழுத்து உண்டு, அதைச் சுற்றி மெல்லிய பஞ்சு வளையம். அது காய்ந்து, பொரிந்து, ஒரு பக்கம் விட்டிருந்தது. புகை முழுக்க அந்தச் சந்தில்தான் பாய்ந்தது. இளநீர்க்கடையில் ஓட்டை ஸ்ட்ரா மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? எவ்வளவு உறிஞ்சினாலும் வாய்க்கு வருவது காற்றுதான், இளநீர் கீழேயே இருக்கும். நான் செய்தது ஓட்டை ஸ்ட்ராவுக்குப் பெரிய வாய் வைத்தது. ஒட்டும் ஸ்பான்ஜ் டேப் ஒரு சுற்று வாங்கி அந்தக் கழுத்தைச் சுற்றினேன். விலை அறுபது ரூபாய். கிழித்த டிஷ்யூ பேப்பரை சீட்டில் போட்டால் இப்போது ஒட்டிக்கொண்டு நின்றது. சந்தேகத்துக்குப் பழைய விசிறியை மாட்டிப் பார்த்தேன். பேப்பர் அப்போதும் நின்றது, கொஞ்சம் தளர்வாக. பெரியதைத் திரும்ப மாட்டினேன், ஆனால் இரண்டாம் விளக்குக்கு மேல் போவதில்லை. சாய்மானத்தில் பழையதே இருக்கிறது.

வேலை முடிந்து சீட்டை இறுக்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. கழற்றும்போது மடித்துப் பின்சீட்டில் வைத்திருந்த வெள்ளைத் துண்டுகள் இரண்டு. அரசு அலுவலக நாற்காலியிலிருந்து அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்த பழக்கம் அது. சீட் அழுக்காகாமல் இருக்கட்டும் என்று வண்டி வாங்கிய வாரமே விரித்தவை. துளையிட்ட லெதருக்குக் காசு கொடுத்துவிட்டு, அந்தத் துளைகளின் மேல் கெட்டித் துண்டு போர்த்தி, அதன் மேல் உட்கார்ந்து இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன். பையன் சிரிக்காமல் நின்றதற்கு அவனை மெச்ச வேண்டும். இரண்டையும் துவைக்கப் போட்டேன். மனைவி உட்காரும் சீட்டின் துளைகளை மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டேன், வேறு எதுவும் செய்யவில்லை.

அடுத்த வாரம் விழுப்புரத்துக்கு ஒரு பயணம். செங்கல்பட்டு தாண்டியபோது மணி பதினொன்று, வெயில் ரோட்டில் தண்ணீர் மாதிரி மினுங்கியது. என் முதுகு பரவாயில்லை, காய்ந்துதான் இருந்தது. அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல வாயெடுத்தேன். ஒரு போல்ட்டைக்கூடத் தொடாத பக்கத்து சீட்டிலிருந்து மனைவி முந்திக்கொண்டாள்.

"என்னங்க, இதை ஒண்ணுல வைங்க. முதுகெல்லாம் சில்லுனு ஆகுது."