ஜெயித்தவர் ஒருவரா, இருவரா?

"ராலி" என்று ஒரு வகைக் கார் பந்தயம் உண்டு. அந்தக் காரில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் ஓட்டுவார். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் உள்ள நோட்டுப் புத்தகத்தைப் படித்துக்கொண்டே வருவார்.

கார் ஜெயித்தால், மறுநாள் பெரிய எழுத்தில் வருவது ஓட்டியவரின் பெயர். படித்தவரின் பெயர் சின்ன எழுத்தில் வரும். பல சமயம் வராமலே போய்விடும்!

இது நியாயமா? நியாயமே இல்லை.

என்ன வேலை?

ராலி வட்டமான மைதானத்தில் நடப்பது அல்ல. காட்டுப் பாதை, மலைப் பாதை, பனி மூடிய பாதை, இவற்றில் நடப்பது. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே புறப்படும். குறைந்த நேரத்தில் ஓடி முடிப்பவருக்கு வெற்றி.

வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது டிரைவரின் கண்ணுக்குத் தெரியாது. மரமா? பள்ளமா? பாறையா?

அதனால், பந்தயத்துக்கு முன்பு இருவரும் அந்தப் பாதையில் மெதுவாகப் போய் வருவார்கள். ஒவ்வொரு வளைவையும் பார்த்து டிரைவர் சொல்வார். "இடது பக்கம், கடும் வளைவு, அப்புறம் நூறு மீட்டர் நேர்பாதை" என்பது போல் இருக்கும். துணை டிரைவர் அதைச் சுருக்கெழுத்தாக எழுதிக்கொள்வார்.

பந்தயத்தின்போது அந்தக் குறிப்பை அவர் உரக்கப் படிப்பார். எப்போது படிப்பது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. முன்கூட்டியே படித்தால் டிரைவர் மறந்துவிடுவார். தாமதமாகப் படித்தால் கார் மரத்தில் மோதும்!

கார் எங்கே போகிறது என்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. படிக்கும் வரி தவறிவிடும். கார் குலுங்குவதையும் திரும்புவதையும் உடம்பால் உணர்ந்தே அவர் இடத்தைத் தெரிந்துகொள்கிறார்.

கணக்குப்பிள்ளை வேலையும் அவருடையதே. ஒவ்வொரு சாவடிக்கும் குறித்த நிமிடத்தில் போய்ச் சேரவேண்டும். ஒரு நிமிடம் பிந்தினால் 10 வினாடி தண்டனை. ஒரு நிமிடம் முந்தினால் ஒரு முழு நிமிடம் தண்டனை! வழியில் சக்கரம் பழுதானால், இறங்கி மாற்றவும் வேண்டும்.

பத்து மணி நேரம்!

1955-ம் ஆண்டு மே 1-ந் தேதி. இத்தாலி நாட்டில் "மில்லே மிலியா" என்ற ஆயிரம் மைல் பந்தயம் நடந்தது. அது ராலி அல்ல. பொதுச் சாலைகளில் நடந்த வேகப் பந்தயம். ஆனால், பக்கத்தில் இருப்பவரின் அருமையை உலகுக்குக் காட்டியது அதுதான்.

இங்கிலாந்து வீரர் ஸ்டர்லிங் மாஸ், மெர்சிடஸ் காரை ஓட்டினார். பக்கத்தில் இருந்தவர் டெனிஸ் ஜென்கின்சன். அவர் ஒரு பத்திரிகை நிருபர்!

முன்கூட்டியே பாதை முழுவதையும் சுற்றிப் பார்த்து, ஜென்கின்சன் குறிப்பு எழுதினார். அந்தக் காகிதச் சுருளின் நீளம் ஐந்து மீட்டருக்கும் அதிகம். ஒரு பெட்டிக்குள் வைத்து, அதை உருட்டி உருட்டிப் படித்தார். எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது. ஆகவே கையால் சைகை காட்டினார்.

முன்னால் மேடு. அதற்கு அப்பால் என்ன என்று தெரியாது. "போகலாம்" என்று கை காட்டினால், மாஸ் வேகத்தைக் குறைக்காமல் பாய்ந்தார். தன் கண்ணைவிட நண்பரின் கையை நம்பினார்.

10 மணி 7 நிமிடம் 48 வினாடியில் ஓடி முடித்தார்கள். சராசரி வேகம் மணிக்குச் சுமார் 98 மைல். அந்தப் பந்தயத்தில் அதைவிட வேகமாக யாரும் ஓட்டியதே இல்லை.

இரண்டாவதாக வந்தவர் யார் தெரியுமா? புகழ்பெற்ற பான்ஜியோ. அதே வகை மெர்சிடஸ் கார்தான். ஆனால், அவர் தனியாக ஓட்டினார். அரை மணி நேரத்துக்கு மேல் பின்தங்கினார். அவர் காரின் எஞ்சினில் கோளாறு இருந்தது உண்மைதான். என்றாலும், அந்தக் காகிதச் சுருளுக்கும் வெற்றியில் பங்கு உண்டு என்பதை யார் மறுக்க முடியும்?

"யாராவது படிக்கலாமே!"

"ஓட்டுவதுதான் திறமை. படிக்க யாராவது போதுமே!" என்று சிலர் சொல்வார்கள்.

அவர்கள் ஓர் உதாரணமும் காட்டுவார்கள். பிரான்சு வீரர் செபாஸ்டியன் லோப், டேனியல் எலெனா என்ற ஒரே துணைவருடன் 2004 முதல் 2012 வரை தொடர்ந்து 9 முறை உலகச் சாம்பியன் ஆனார். பிறகு 2022-ல், எலெனா இல்லாமலே மான்டி கார்லோ ராலியில் ஜெயித்தார். அப்போது பக்கத்தில் இருந்தவர் இசபெல் கால்மிஷ் என்ற கணக்கு ஆசிரியை!

ஆசிரியை என்றதும் ராலி தெரியாதவர் என்று எண்ணிவிடக்கூடாது. அவர் பல ஆண்டுகள் ராலிகளில் குறிப்புப் படித்துப் பழகியவர். "யாராவது" அல்ல!

இன்னொன்றையும் பாருங்கள். 1981-ல் சான் ரெமோ ராலியில் மிஷேல் மூத்தோன் ஜெயித்தார். உலகச் சாம்பியன் போட்டிக்குரிய ராலியில் வென்ற முதல் பெண் டிரைவர் என்று உலகமே அவரைப் புகழ்ந்தது. அந்தக் காரில் குறிப்புப் படித்தவரும் ஒரு பெண்தான். பெயர் பாப்ரிசியா போன்ஸ். இதே போன்ஸ், 1997-ல் மான்டி கார்லோவில் லியாட்டி என்ற வேறொரு டிரைவருடனும் ஜெயித்தார். டிரைவர் மாறினார், படித்தவர் மாறவில்லை. இதற்கு என்ன சொல்வது?

ஆபத்தில் சம பங்கு

புகழில் பங்கு குறையலாம். ஆபத்தில் குறைவதில்லை.

2005-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி, பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் ராலி நடந்தது. மார்க்கோ மார்ட்டின் ஓட்டிய கார் மரத்தில் மோதியது. மரம் இடித்தது துணை டிரைவர் பக்கம். மைக்கேல் பார்க் உயிர் இழந்தார். மார்ட்டின் பிழைத்தார்.

அன்று முதல் இடத்தில் இருந்தவர் லோப். அந்த ராலியில் ஜெயித்திருந்தால் அன்றே அவர் உலகச் சாம்பியன். ஆனால், அப்படி ஒரு நாளில் பட்டம் வேண்டாம் என்று நினைத்தார். வேண்டுமென்றே நேரத் தண்டனையை ஏற்றுக்கொண்டு, வெற்றியை விட்டுக்கொடுத்தார். அடுத்த ராலியில்தான் பட்டம் பெற்றார்.

பக்கத்து இருக்கையின் மதிப்பு டிரைவர்களுக்குத் தெரியும். தெரியாதது மற்றவர்களுக்குத்தான்!

செய்ய வேண்டியது

பந்தயச் சட்டம் இந்த நியாயத்தை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. டிரைவர்களுக்கு 1979 முதல் உலகப் பட்டம் உண்டு. துணை டிரைவர்களுக்கும் 1981 முதல் தனியாக உலகப் பட்டம் கொடுக்கப்படுகிறது.

சட்டம் கொடுத்த மரியாதையைப் பத்திரிகைகளும் ரசிகர்களும் கொடுக்கவேண்டும். செலவு ஒன்றும் இல்லை. ஒரு பெயர் வரும் இடத்தில் இரண்டு பெயர், ஒரே அளவு எழுத்தில்! அவ்வளவுதான்.

இரட்டை மாட்டு வண்டி ஊர் போய்ச் சேர்ந்ததும், ஒரு மாட்டுக்கு மட்டும் வைக்கோல் போடுகிறவன் உண்டா?