பறந்து வந்தால் விருந்தாளி, நடந்து வந்தால்?

தாய்லாந்தின் மே சொட் நகரத்துக்கும் மியன்மாரின் மியாவதி நகரத்துக்கும் நடுவில் ஓடுவது மோய் ஆறு. பெரிய ஆறு ஒன்றுமில்லை, வறண்ட காலத்தில் சில இடங்களில் நடந்தே கடக்கலாம். 1997இல் அதற்கு மேலே ஒரு பாலம் கட்டி, நட்புறவுப் பாலம் என்று பெயரும் வைத்தார்கள். 2015இல் இரண்டு நாடுகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. சாதாரண மியன்மார் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வீசா இல்லாமல் தாய்லாந்துக்குப் போய் 14 நாட்கள் நிற்கலாம். ஒரேயொரு நிபந்தனை: சர்வதேச விமான நிலையம் ஊடாகத்தான் வரவேண்டும்.

யோசித்துப் பாருங்கோ. மியாவதியில் வீடு உள்ள ஒருவர் யங்கூன் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து பேங்கொக்குக்கு விமானம் ஏறி, பேங்கொக்கிலிருந்து திரும்பவும் பஸ் பிடித்து மே சொட்டுக்கு வந்தால் அவர் சுற்றுலாப் பயணி. தன்ர வீட்டு வாசலில் இருந்து பாலத்தால் நடந்து வந்தால் அந்த உடன்பாடு அவருக்கு இல்லை. எல்லைப் பாஸ் ஒன்று கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு எல்லையோரப் பகுதியைத் தாண்டிப் போகேலாது. இரண்டு நாடுகளுக்கும் 2,400 கிலோமீற்றருக்கு மேல் பொது எல்லை இருக்கிறது. அவ்வளவு நீளத்திலும் ஓர் அடி நிலம்கூட இந்தச் சலுகைக்குள் வரவில்லை.

வீசா இல்லாமல் போகலாம் என்ற செய்தி வந்தால் நாங்கள் எல்லாரும் எத்தனை நாள் எண்டுதான் முதலில் பார்ப்போம். எந்த வாசலால் போகலாம் எண்டு பார்ப்பதில்லை. வாசலில்தான் விளையாட்டே இருக்கிறது.

தாய்லாந்தின் கதையையே எடுப்போம். 2008 நவம்பர் வரைக்கும், வீசா விலக்குள்ள நாடுகளின் ஆக்கள் விமானத்தால் வந்தாலும் தரையால் வந்தாலும் 30 நாள்தான். அந்த மாதத்தோடு தரையால் வருபவருக்கு 15 நாளாகக் குறைத்தார்கள். விமானத்தால் வருபவருக்கு அதே 30. ஐந்து வருசம் கழித்து, 2013 நவம்பரில் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, பிரான்ஸ், ஜேர்மனி, இத்தாலி, ஜப்பான் ஆகிய ஏழு நாட்டவருக்கு மட்டும் தரை வழியிலும் 30 நாள் திரும்பக் கொடுக்கப்பட்டது. பணக்கார நாட்டுக் கடவுச்சீட்டு என்றால் பஸ்ஸில் வந்தாலும் மரியாதை என்று அர்த்தம், வேறென்ன? 2016 டிசம்பர் 31இல் மற்றவர்களுக்கும் 30 நாள் என்று சமமாக்கினார்கள். ஆனால் கூடவே ஒரு கொக்கி: தரை வழியாக ஒரு வருசத்தில் இரண்டு தரம்தான். பக்கத்து நாடு என்பதால் மலேசியர்களுக்கு விலக்கு. விமானத்தால் வருபவருக்கு அந்த விதியில் எண்ணிக்கையே எழுதப்படவில்லை.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சுற்றுலாப் பயணி என்ற பெயரில் வருசக்கணக்காகத் தங்கி வேலை செய்தவர்கள் இருந்தார்கள். முத்திரை முடிகிற நாளில் மினிவானில் எல்லைக்குப் போவார்கள். அங்கால கால் வைத்துவிட்டு இங்கால திரும்புவார்கள், புது முத்திரை கிடைக்கும். 'வீசா ரன்' என்று இதற்குப் பெயர். விளம்பரம் போட்டு ஆள் ஏற்றுகிற வியாபாரமாகவே அது நடந்தது. 2014 மே மாதத்தில் குடிவரவுத் திணைக்களம் இதைக் கடுமையாகப் பிடிக்கத் தொடங்கியதை நாங்கள் பிழையென்று சொல்ல மாட்டோம். எந்த நாடும் செய்யும்.

ஆனால் முத்திரைக்காக ஓடுகிறவர் யார் என்பதைக் கண்டுபிடிக்கப் பாலத்தையும் பஸ்ஸையும் ஏன் குற்றவாளியாக்க வேண்டும்? காசு உள்ளவர் அதே ஓட்டத்தைச் சிங்கப்பூருக்குப் பறந்து போயும் செய்யலாம். காலையில் போய் இரவு திரும்பலாம். கடவுச்சீட்டை இயந்திரத்தில் வைத்த உடனே ஆள் எத்தனை தரம் வந்தார், எத்தனை நாள் நின்றார் என்று திரையில் விழுகிற காலம் இது. விமான நிலையத்திலும் அடிக்கடி வருபவரை நிறுத்திக் கேள்வி கேட்கத்தான் செய்கிறார்கள். ஆளைப் பார்த்து முடிவெடுக்கிற வழி கையில் இருக்கும்போது வாகனத்தைப் பார்த்து முடிவெடுப்பது, டிக்கெட் விலையை நல்லொழுக்கச் சான்றிதழாக எடுப்பது போன்றதுதான்.

தீவில் பிறந்த எங்களுக்குத் தரை எல்லையைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். ஏ9 வீதி தெரிந்த ஆக்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். 2006 ஓகஸ்டில் முகமாலையில் சண்டை தொடங்கி அந்தப் பாதை மூடுப்பட்ட பிறகு, யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே போகப் படையினரின் அனுமதி எடுத்து, பலாலியிலிருந்து விமானத்திலோ திருகோணமலைக்குக் கப்பலிலோதான் போகவேண்டியிருந்தது. அது நாட்டுக்குள்ளே நடந்தது, போர்க்காலம், மே சொட்டோடு ஒப்பிட முடியாதது என்பது தெரியும். ஆனால் ஒரு விசயம் ஒன்றுதான். ரோட்டு மூடுப்பட்டு ஆகாயம் திறந்திருந்தால், முதலில் போய்ச் சேருகிறவர் காசு உள்ளவர். மற்றவர் கப்பலுக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருப்பார். எங்கட வீடுகளில் அந்த வருசங்களைப் பற்றிக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இப்ப எங்கட கடவுச்சீட்டுக்கு வருவோம். 2024 ஜூலை 15 முதல் தாய்லாந்து 93 நாடுகளுக்கு 60 நாள் வீசா விலக்குக் கொடுத்தபோது இலங்கையும் அந்தப் பட்டியலில் இருந்தது. நல்ல விசயம். (இந்தப் பட்டியல்கள் அடிக்கடி மாறுகிறவை. டிக்கெட் போட முதல் தூதரகத்தின் அறிவிப்பைப் பாருங்கோ.) ஆனால் அந்தச் சலுகையை வைத்துத் தரையால் போகப் பார்த்தால் மற்றப் பக்கம் இடிக்கும். கோலாலம்பூரிலிருந்து மின்சார ரெயில் நேரே எல்லையில் உள்ள படாங் பெசாருக்குப் போகிறது. ஒரே நிலையத்தில் இரண்டு நாட்டுக் குடிவரவுக் கவுண்டர்களும் இருக்கின்றன. இறங்கி, இரண்டு முத்திரை வாங்கி, மற்ற ரெயிலில் ஏறினால் ஹட்யாய். எங்களைப் போல சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பயணம் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் மலேசியாவுக்குள் நுழைய எமக்கு வீசா வேண்டும். அது ஒற்றை நுழைவு வீசா என்றால், ஹட்யாய் போன பிறகு திரும்பி வருவதற்குப் புதுசாக இன்னொன்று வேண்டும். தாய்லாந்து திறந்த கதவு எங்களுக்கு மலேசியப் பக்கத்தில் பூட்டியிருக்கிறது.

இதே தண்டவாளத்தால்தான் 1943இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களை ஜப்பானியப் படை சயாம் மரண ரயில்பாதை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனது. அப்ப ஒருத்தரும் அவையிட்ட வீசா கேக்கேல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2023இல் இலங்கை ஏழு நாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு வீசாக் கட்டணத்தை நீக்கியது. தாய்லாந்தும் மலேசியாவும் அதில் அடக்கம். அதை இங்கே பலர் 'வீசா வேண்டாம்' என்று பகிர்ந்தார்கள். 'வீசா இலவசம்' வேறு, 'வீசா வேண்டாம்' வேறு. விண்ணப்பம் இருந்தது, காசு மட்டும்தான் இல்லை. அந்தச் சலுகைக்குப் பதிலாக மலேசியாவிடம் எங்களுக்கு என்ன கேட்கப்பட்டது? டொலர் வேண்டும் என்று வருகிறவர்களுக்குக் கதவைத் திறக்கிற அவசரத்தில், போகிற எங்களைப் பற்றிப் பேச ஆளில்லை.

எழுதிய சலுகை கையில் இருந்தாலும் தரை எல்லை எவ்வளவு கெதியாகக் கைவிடும் என்பதை 2025 காட்டியது. கம்போடியரும் தாய்லாந்தவரும் ஒருவர் நாட்டுக்கு மற்றவர் வீசா இல்லாமல் போகலாம். ஜூன் மாதத்தில் எல்லைத் தகராறு முற்றிக் கடவைகள் பூட்டப்பட்டன, ஜூலையில் சண்டையே நடந்தது. கடவுச்சீட்டு அதேதான், உடன்பாடும் அதேதான். பொயிபெட்டில் சாமானோடு வரிசையில் நின்ற சிறு வியாபாரிகளுக்கு அது ஒன்றுக்கும் உதவவில்லை.

நாங்கள் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. இத்தனை தரம்தான் வரலாம் என்று எண்ணப்போகிறீர்கள் என்றால் ஆளை எண்ணுங்கோ, அவர் வந்த வாகனத்தை எண்ணாதேங்கோ. 14 நாள் என்றால் விமான நிலையத்திலும் 14, பாலத்திலும் 14. எங்கட வெளிவிவகார அமைச்சு அடுத்த முறை ஒரு வீசா உடன்பாட்டுக்குப் போய் இருக்கும்போது, நாட்களோடு வாசல்களின் பட்டியலையும் மேசையில் வைக்கட்டும். மலேசியாவோடு பேசுகிற நாளில் பல்நுழைவு வீசாவைக் கேட்கட்டும், படாங் பெசார் என்ற பெயரையும் சொல்லிக் கேட்கட்டும்.