துக்கம் கேட்க வராதவர்கள்

சாவு வீட்டுக்குப் போகத் தனித்திறமை எதுவும் வேண்டியதில்லை. போய் உட்கார்ந்தால் போதும். ‘எப்ப ஆச்சு’, ‘சாப்பிட்டீங்களா’ என்று இரண்டு கேள்வி. அதற்குமேல் பேச்சு வராவிட்டாலும் யாரும் தப்பாக நினைப்பதில்லை. எந்தச் சாதியானாலும் எந்த மதமானாலும் துக்கம் கேட்கப் போகிற இந்த ஏற்பாடு ஏதோ ஒரு வடிவத்தில் உண்டு. இழந்தவரைத் தனியே விடக்கூடாது, அவ்வளவுதான் அதன் உள்ளர்த்தம். ஆனால் யாரை இழந்தால் நான்கு பேர் வந்து உட்காருவார்கள் என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளை, உடன்பிறப்பு. காதலித்தவன் அந்தப் பட்டியலில் இல்லை. காதலித்ததே வெளியே தெரியாது என்றால் கேட்கவே வேண்டாம்.

வோங் கார்-வாய் இயக்கிய ‘ஹேப்பி டுகெதர்’ படத்தில் துக்கம் கேட்கும் அந்த வேலையை ஒரு டேப் ரெக்கார்டர் செய்கிறது.

போனஸ் அயர்ஸ் நகரத்து மதுக்கடை ஒன்று. சாங் என்ற தைவான் இளைஞன் ஊரைவிட்டுக் கிளம்பப் போகிறான். தென் அமெரிக்காவின் தெற்குக் கோடியில் உஷுவாயா பக்கம் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது, மனம் உடைந்தவர்கள் தங்கள் பாரத்தை அங்கே இறக்கிவைத்துவிடலாம் என்று அவன் கேள்விப்பட்டிருக்கிறான். கூட வேலை பார்த்த லாய் யூ-ஃபாயிடம் ரெக்கார்டரைக் கொடுத்து, உன் சோகம் எதுவானாலும் இதில் சொல், நான் கொண்டுபோய் அங்கே விட்டுவிடுகிறேன் என்கிறான். கொடுத்துவிட்டு ஆடப் போய்விடுகிறான். லாய் அதை வாயருகே வைத்துக்கொண்டு எதையோ சொல்லப் பார்க்கிறான். சொல் வரவில்லை. முகம் மட்டும் உடைகிறது. பிறகு கடல் நடுவே அந்த விளக்கத்தின் அடியில் நின்று சாங் போட்டுக் கேட்கும்போது பேச்சு எதுவும் இல்லை. யாரோ விசும்புவது போல ஏதோ ஓசை, அவ்வளவுதான்.

லாயாக நடித்த டோனி லியுங் அழும் அந்தக் காட்சியை நடிப்புக்கு உதாரணமாகப் பலரும் காட்டுவார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அந்த ஊரில் அவனைத் தவிர எல்லோருக்கும் அது ஒரு சாதாரண சாயங்காலம். உனக்கு என்ன ஆச்சு என்று கேட்கக்கூடிய ஒரே ஆளும் பத்தடி தள்ளி ஆடிக்கொண்டிருக்கிறான்.

கதை என்று பார்த்தால் இரண்டு வரிதான். ஹாங்காங்கிலிருந்து லாயும் ஹோ போ-விங்கும் அர்ஜென்டினா வருகிறார்கள். ஒரு விளக்கின்மேல் வரைந்திருந்த இகுவாசு அருவியை நேரில் பார்க்கக் கிளம்பி, பாதி வழியில் கார் நின்று, சண்டை போட்டுப் பிரிகிறார்கள். ஹோ திரும்ப வருவான், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்பான். லாய் ஒவ்வொரு முறையும் மசிவான். ஹோவாக நடித்தவர் லெஸ்லி சியுங்.

எடுத்த விதமும் கிட்டத்தட்ட அந்தக் காதலைப் போலத்தான், திட்டம் எதுவும் நிலைக்கவில்லை. அர்ஜென்டினா எழுத்தாளர் மானுவேல் புய்க்கின் நாவல் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு 1996இல் குழு போனஸ் அயர்ஸில் இறங்கியது. சில வாரங்களில் முடிய வேண்டிய படப்பிடிப்பு மாதக்கணக்கில் இழுத்தது. டோனி லியுங்குக்கு முதலில் சொன்ன கதையில் அவர் இறந்துபோன தந்தையின் தடம் தேடி அங்கே வரும் மகன். இன்னொரு ஆணுடன் கட்டிலில் இருக்கும் காட்சி அங்கே போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இதைப் பலரும் சுவாரசியமான சம்பவமாகச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நடிகரிடம் சொல்லாமல் இப்படிச் செய்வது நியாயமில்லை, படம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும். லெஸ்லிக்கு ஹாங்காங்கில் கச்சேரிகள் காத்திருந்ததால் அவர் இடையில் கிளம்பினார். அதன்பிறகுதான் சாங் பாத்திரம் வளர்ந்தது. ஷர்லி க்வான் என்ற பாடகியை வரவழைத்து எடுத்த காட்சிகள் முழுக்கவே வெட்டுப்பட்டன. இவ்வளவு குளறுபடியையும் கோர்த்துப் படமாக்கியதில் படத்தொகுப்பும் கலை இயக்கமும் பார்த்த வில்லியம் சாங்குக்குப் பெரும் பங்கு. 1997 மே மாதம் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது வோங்குக்குக் கிடைத்தது. அந்த விருதை வாங்கிய முதல் ஹாங்காங் இயக்குநர் அவர்.

படத்தின் உயிர் லாயின் ஒற்றை அறையில் இருக்கிறது. ஹோ ஒருநாள் அடிபட்டு, கைகள் ரத்தமாக, கதவருகே வந்து நிற்கிறான். இரண்டு கைக்கும் கட்டு. இனி ஊட்டிவிடுவது, உடம்பைத் துடைத்துவிடுவது எல்லாம் லாய்தான். கட்டிலை ஹோவுக்குக் கொடுத்துவிட்டுத் தான் சோபாவில் படுக்கிறான். ஹோ விடுவதில்லை, சோபாவில் வந்து ஒட்டிக்கொள்கிறான். லாய்க்குக் காய்ச்சல் வந்தபோதும் பசிக்கிறது என்று அவனை எழுப்புகிறான். அவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டே அடுப்படியில் நின்று சமைக்கிறான், வாய் திட்டிக்கொண்டே இருக்கிறது, கை வேலை செய்கிறது. அந்தக் காட்சியில் சிரிக்காதவர்களை நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி முப்பது வருடமானவர்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சிரிக்கிறார்கள்.

அந்தக் கைகள் சீக்கிரம் ஆறிவிடக்கூடாது என்று தான் நினைத்ததை லாய் ஒரு கட்டத்தில் சொல்கிறான். ஹோ கைக்கட்டோடு இருந்த நாட்கள்தான் அவனுக்குச் சந்தோஷமான நாட்கள். இதைச் சொன்னபின் லாயை வெறும் நல்லவன் என்று எழுத முடியாது. ஹோ இரவில் சிகரெட் வாங்க வெளியே போகிறான் என்பதற்காகப் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கிவைக்கிறான். ஹோ அதைத் தட்டிவிடுகிறான். ஹோவின் பாஸ்போர்ட்டை லாய் ஒளித்துவைக்கிறான். நாம் பார்க்கும்வரை அது திரும்பக் கைமாறவில்லை. ஹோ ஓடிப்போகிறவன், லாய் பூட்டிவைக்கிறவன். யார் பக்கம் நியாயம் என்று படம் பார்த்து வருகிறவர்கள் அடித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் ஓட்டு லாய்க்கு விழும். அழுகிறவனுக்கு ஓட்டுப் போடுவது நம் வழக்கம். பாஸ்போர்ட் இல்லாமல் அந்நிய நாட்டில் நிற்கிறவனின் நிலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இவ்வளவு பேசியும் ஒரு விஷயம் பாக்கி. இவர்கள் இருவரும் ஆண்கள் என்பதை எங்கேயும் ஒரு பிரச்சினையாகப் படம் எடுத்துப் பேசுவதில்லை. போலீஸ் வருவதில்லை, உபதேசம் செய்ய யாரும் வருவதில்லை. தொந்தரவு கொடுப்பது காசு. லாய் டாங்கோ நடனக் கூடத்தின் வாசலில் நின்று சுற்றுலாப் பயணிகளை உள்ளே அனுப்புகிறான். ஹோவை அடித்தவனைத் தாக்கி அந்த வேலையை இழக்கிறான். சீன உணவகத்துச் சமையலறைக்குப் போகிறான். கடைசியில் இறைச்சிக்கூடத்தில் இரவு வேலை. கூலி அதிகம், ஹாங்காங்கின் நேரத்துக்கும் ஒத்துவருகிறது. ரத்தத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறான், அது திரும்பத் திரும்ப வழிந்து வருகிறது. ஊரில் அப்பாவின் நண்பரிடம் வேலை பார்த்தபோது எடுத்துவந்த பணத்தை அடைக்க வேண்டும். பிரிவுத் துயரத்துக்காக ஒரு வேளை வேலையை நிறுத்த அவனுக்கு வசதியில்லை. காதல் தோல்வி என்றால் தாடி வளர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் நாயகர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிது. தாடி வளர்க்கவும் யாராவது சோறு போட வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவர், பெயர் வேண்டாம், பல வருடம் கூட வாழ்ந்தவரை நோய்க்குப் பறிகொடுத்தார். அலுவலகத்தில் நண்பர் இறந்துவிட்டார் என்று சொல்லி ஒரு நாள் விடுப்பு வாங்கினார். நண்பருக்கு ஒரு நாள்தான் கொடுப்பார்கள். மறுநாள் வந்து கணக்குப் பார்க்க உட்கார்ந்தார். அந்தப் பக்கத்து இருக்கைக்காரர்களுக்கு அவர்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. என்ன கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப்பேர் உடனே 1997 ஜூலை 1ஐப் பிடித்துக்கொள்வார்கள். பிரிட்டன் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைத்த நாள். ஹோவும் லாயும் ஹாங்காங்கும் சீனாவுமாம், முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்பது அரசியல் பேச்சாம். படத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்லமாட்டேன். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுவதோடுதான் படம் தொடங்குகிறது, தைபேயில் தங்கும் லாய் தொலைக்காட்சியில் சீனத் தலைவர் டெங் சியாவ்பிங் இறந்த செய்தியைப் பார்க்கிறான். ஆனால் இரண்டு ஆண்கள் ஒரு கட்டிலில் இருப்பதை நேராகப் பார்க்கக் கூசுகிறவர்களுக்கு இந்த உருவக விளக்கம் ரொம்பவும் சௌகரியமாகிவிடுகிறது. ஆணும் பெண்ணும் பிரிகிற படத்தைப் பார்த்துவிட்டு இது எந்த ஒப்பந்தத்தைக் குறிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

லெஸ்லி சியுங் 2003 ஏப்ரல் 1 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 46. மனச்சோர்வு நோயால் அவதிப்பட்டுவந்தார். அதற்குப் பிறகு படத்தைப் பார்க்கிறவர்கள் ஹோவை லெஸ்லியாகவே பார்க்கத் தொடங்கினார்கள். அது பிசகு. ஹோ எங்கும் நிலைக்காதவன். லெஸ்லியோ ஏறத்தாழ இருபது ஆண்டு ஒரே துணைவரோடு வாழ்ந்தவர். படம் வெளிவந்த அதே 1997இன் தொடக்கத்தில், ஹாங்காங் மேடையில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் ஒரு பாட்டைத் தன் தாய்க்கும் அந்தத் துணைவருக்கும் சமர்ப்பித்தார். ஹாங்காங்கில் ஆண்கள் ஒருவரையொருவர் நேசிப்பது குற்றம் என்ற சட்டம் 1991இல்தான் போனது. ஆறு வருடத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் அதை மேடையில் சொன்னது சின்ன விஷயமில்லை.

அவருடைய இறுதிச் சடங்கு நடந்தபோது ஊரில் சார்ஸ் பரவிக்கொண்டிருந்தது. முகக்கவசம் கட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கில் வந்து நின்றார்கள். மரண அறிவிப்பில் வாழ்க்கைத்துணையின் பெயர் வரவேண்டிய முதலிடத்தில் அந்தத் துணைவரின் பெயர் வந்தது. சடங்கிலும் அவர் அந்த இடத்தில்தான் நின்றார். குடும்பமும் ஊரும் அதை ஏற்றுக்கொண்டன. சட்டம் அவரை யாரென்றும் சொல்லவில்லை. அன்று ஹாங்காங் முழுக்க அவரிடம் துக்கம் கேட்டது. நட்சத்திரத்தின் துணைவருக்குக் கிடைத்தது இது. சமையலறையில் பாத்திரம் தேய்க்கிறவனின் துணைவனுக்கு யார் வந்திருப்பார்கள்?

2019இல் ஒரு தீ விபத்தில் படத்தின் மூலப்பிரதியில் ஒரு பகுதி எரிந்துபோனது. இத்தாலியின் போலோக்னாவில் உள்ள நிபுணர்கள் முடிந்தவரை மீட்டார்கள். அந்தச் சுருள்களில் ஒலியும் போய்விட்டதால் லாய் தனக்குத்தானே பேசும் சில பகுதிகளைச் சுருக்க வேண்டியதாயிற்று என்று வோங்கே எழுதியிருக்கிறார். இன்று புதுப்பித்த பிரதியைப் பார்க்கிறவர்கள் பழைய பிரதியைவிடக் கொஞ்சம் குறைவாகப் பேசும் லாயைத்தான் பார்க்கிறார்கள். படம் பளிச்சென்று இருக்கிறது, ஒளிப்பதிவாளர் கிறிஸ்டோபர் டாயிலின் மஞ்சளும் பச்சையும் முன்பைவிடக் கண்ணைப் பறிக்கின்றன. பழைய டிவிடி வைத்திருப்பவர்கள் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

லாயும் ஹோவும் பிரிந்த அர்ஜென்டினா 2010இல் ஒருபால் திருமணத்தைச் சட்டமாக்கியது, லத்தீன் அமெரிக்காவில் முதல் நாடு. லாய் திரும்பிப்போன ஹாங்காங்கில், இப்படிப்பட்ட இணையர்களை அங்கீகரிக்க ஏதாவது ஒரு சட்ட ஏற்பாடு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லி இரண்டு வருடம் அவகாசம் கொடுத்தது. அரசு கொண்டுவந்த மசோதா மிகச் சிறியது. வெளிநாட்டில் மணம் செய்தவர்கள் பதிவு செய்துகொள்ளலாம்; மருத்துவமனையில் துணைவரைப் பார்க்கலாம், அவர் இறந்தால் இறுதிக் காரியங்களைக் கவனிக்கலாம். 2025 செப்டம்பரில் சட்டமன்றத்தில் 14 பேர் ஆதரித்தார்கள், 71 பேர் எதிர்த்தார்கள். மசோதா விழுந்தது.

படத்தின் முடிவில் லாய் ஊர் திரும்பும் வழியில் தைபேயில் இறங்கி, சாங்கின் பெற்றோர் நடத்தும் இரவுச் சந்தைக் கடையில் சாப்பிடுகிறான். அங்கிருந்து சாங்கின் புகைப்படம் ஒன்றைத் திருடிக்கொண்டு வருகிறான். தொலைபேசியில் பேச மறுத்த அப்பாவுக்கு ஏற்கெனவே நீண்ட கடிதம் எழுதிவிட்டான். அவர் என்ன பதில் சொன்னார் என்று வோங் காட்டவில்லை. லாய்க்கு இன்று அறுபது தாண்டியிருக்கும். ஹாங்காங்கில் ஏதோ ஒரு அடுக்குமாடியில் இருப்பான், கடனை அடைத்திருப்பான். கூட ஒருவர் இருக்கவும் கூடும். லாயை மருத்துவமனையில் சேர்த்தால் உள்ளே போய்ப் பார்க்க அவர் யாரோ ஒரு அதிகாரியின் கருணைக்குக் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த 71 பேர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்கள்.